வினைல் டை அடித்த பழைய கார் உட்புறம்: கோளாறைப் பார்த்துக் காரணம் பிடிப்பது

பழைய காரின் உட்புற நிறத்தை மாற்ற வினைல் டை அடித்தாகிவிட்டது. அடித்த அன்று பிரமாதமாக இருந்தது. இப்போது எங்கோ உரிகிறது, அல்லது கையில் ஒட்டுகிறது, அல்லது குழி குழியாகத் தெரிகிறது. இந்த நேரத்தில் கை தானாக அடுத்த ஸ்ப்ரே கேனைத் தேடும். அதை மட்டும் செய்யாதீர்கள். காரணம் தெரியாமல் கோளாறின் மேல் இன்னொரு கோட் அடித்தால் கோளாறு போகாது. பிறகு கழற்ற வேண்டிய படலம்தான் தடிக்கும்.

வினைல் டை கேனுக்குள் முக்கியமாக இருப்பவை மூன்று: ரெசின், நிறமி, கரைப்பான். கரைப்பான் ரெக்சினின் மேல்தோலைச் சற்று இளக்கும். அந்த இளகிய தோலோடு ரெசின் பிணைந்துகொள்ளும். கரைப்பான் ஆவியானதும் மெல்லிய, வளைந்து கொடுக்கும் ஒரு படலம் மிஞ்சும். துணிச் சாயம்போல நிறம் உள்ளே ஆழமாக இறங்குவதில்லை. ஆகவே எந்தக் கோளாறானாலும் அது மூன்று இடங்களில் ஒன்றில்தான் இருக்கும்: படலத்துக்கு அடியில், படலத்துக்குள், அல்லது படலத்தின் மேல். எந்த இடம் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தெரிந்துகொள்ள மூன்று சின்னச் சோதனைகள் போதும். எல்லாவற்றையும் கண்ணில் படாத மூலையில் செய்யுங்கள். முதலில் நகத்தால் அழுத்திக் கீறிப் பாருங்கள். ஏடாகக் கிளம்பினால் கோளாறு அடியில். நகம் பள்ளம் பதித்துவிட்டு நின்றால் படலம் இன்னும் உள்ளே காயவில்லை. அடுத்து, மாஸ்கிங் டேப்பை ஒட்டி விரலால் நன்றாகத் தேய்த்து, வெடுக்கென்று இழுங்கள். டேப்பின் பசைப்பக்கத்தில் நிறம் வந்தால் பிடிமானம் இல்லை. கடைசியாக, ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் மேலே ஒட்டாத நிறமி இருக்கிறது, அல்லது படலம் காயவில்லை.

இனி ஒவ்வொரு அறிகுறியாகப் பார்ப்போம். உங்களுடையது எதுவோ அங்கே நேராகப் போகலாம்.

ஏடு ஏடாக உரிகிறது

அதிகம் வருவதும், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். எல்லோரும் கேனைத் திட்டுவார்கள். குற்றம் பெரும்பாலும் கேன் திறக்கும் முன்பே நடந்து முடிந்திருக்கும்.

உரிந்த ஏட்டைத் தூக்கி எறியாதீர்கள், திருப்பி அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். கண்ணாடிபோல வழவழப்பாக இருந்தால், ரெக்சினின் மேல் ஏதோ எண்ணெய்ப் படலம் இருந்திருக்கிறது. பெரும்பாலும் அது சிலிக்கோன். பழைய காரின் டாஷ்போர்டும் சீட்டும் வருடக்கணக்காகப் பளபளப்புத் திரவம் குடித்தவை. அந்தத் திரவங்களில் பலவற்றில் சிலிக்கோன் எண்ணெய் உண்டு. ஏட்டின் அடியில் மாவுபோல ஒட்டியிருந்தால், வெயிலில் வெந்து சுண்ணாம்புபோல உதிர்கிற தோலின் மேல் அடித்திருக்கிறீர்கள். ஏட்டோடு வேறொரு நிறமும் சேர்ந்து வந்தால் இன்னொரு கதை: முன்பிருந்த உரிமையாளர் யாரோ ஏற்கெனவே பெயின்ட் அடித்திருக்கிறார், உரிவது அவருடைய கோட். உங்கள் கோட் அதோடு சேர்ந்து போகிறது, அவ்வளவுதான்.

சிலிக்கோன்தான் என்றால், உரிந்த இடத்தை மட்டும் தொட்டுச் சரிசெய்வதில் பயனில்லை. அந்தப் பாகம் முழுவதிலும் சிலிக்கோன் இருக்கும், இன்று பிடித்திருப்பது நாளை உரியும். முழுவதும் கழற்றிவிட்டுத் திரும்பச் சுத்தம் செய்ய வேண்டும். இதில் வரிசை முக்கியம். முதலில் சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும். வரிகளுக்குள் இருக்கும் அழுக்கு நுரையோடு வெளியே வர வேண்டும். அலசி, காயவிட்டு, அப்புறம் மெழுகும் எண்ணெயும் நீக்கும் பெட்ரோலிய வகைத் துடைப்புத் திரவம். ஒரு துணியால் ஈரமாகத் தடவி, அது ஆவியாகும் முன்பே இன்னொரு சுத்தமான துணியால் துடைத்து எடுக்க வேண்டும். ஒரே துணியால் சுற்றிச் சுற்றித் துடைத்தால் சிலிக்கோன் இடம் மாறுமே தவிர வெளியேறாது. ஐசோபுரொபைல் ஆல்கஹால் கடைசித் துடைப்புக்கு நல்லது. சிலிக்கோனைக் கரைக்க அதை மட்டும் நம்ப முடியாது.

சிலிக்கோன் போவதற்கு முன் உப்புத்தாளைத் தொடவே கூடாது. கீறல்களுக்குள் எண்ணெயைத் திணித்துவிடும், பிறகு அதை எடுப்பது பெரும்பாடு. சுத்தம் செய்து முடித்தபின் சாம்பல் நிற ஸ்காட்ச் பிரைட் (உரசும் நார்ப்பட்டை) கொண்டு லேசாக உரசி, திரும்ப ஒருமுறை துடைத்தால் போதும்.

போதுமான அளவு சுத்தமாகிவிட்டதா என்று தண்ணீர் தெளித்துப் பார்க்கலாம். தண்ணீர் ஒரே படலமாகப் பரவினால் நல்லது. ஓர் இடத்தில் மட்டும் முத்து முத்தாகத் திரண்டு ஒதுங்கினால், அந்த இடத்தில் இன்னும் எண்ணெய் இருக்கிறது.

சீட் நன்றாக இருக்கிறது, கடினமான பிளாஸ்டிக் பாகங்கள் மட்டும் உரிகின்றன

இது சுத்தத்தைவிடப் பொருளைப் பற்றிய பிரச்சினை. பழைய கார்களில் மென்மையான ரெக்சின் பிவிசி. கடினமான ஓரப்பட்டைகள், கால் பக்கத் தட்டுகள் எல்லாம் ஏபிஎஸ் என்னும் கடினப் பிளாஸ்டிக்காகவோ பாலிப்ராப்பிலீனாகவோ இருக்கலாம். ஏபிஎஸ்ஸின் மேல்தோலைக் கரைப்பான் இளக்கும், அதனால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். பாலிப்ராப்பிலீன் இந்தக் கரைப்பான்களுக்கு அசைந்து கொடுக்காது. அதன் மேல் அடித்த நிறம் சும்மா உட்கார்ந்திருக்கும், நகம் பட்டால் எழுந்து வந்துவிடும்.

பழைய பாகங்களின் பின்பக்கத்தில் பொருளின் பெயர் அச்சாகியிருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பாகத்தின் பின்புறத்திலிருந்து சின்னத் துணுக்கைச் சீவித் தண்ணீரில் போடுங்கள். பாலிப்ராப்பிலீன் மிதக்கும், ஏபிஎஸ்ஸும் பிவிசியும் மூழ்கும். டால்க் கலந்த பாலிப்ராப்பிலீன் சில சமயம் மூழ்கி ஏமாற்றும் என்பதால், சந்தேகம் இருந்தால் பஞ்சில் துளி அசிட்டோன் தொட்டு மறைவான இடத்தில் வையுங்கள். ஏபிஎஸ் என்றால் பிசுபிசுவென்று இளகும். பாலிப்ராப்பிலீன் என்றால் ஒன்றும் நடக்காது. தெரியும்படியான முன்பக்கத்தில் மட்டும் அசிட்டோனைக் கொண்டு போகாதீர்கள்.

பாலிப்ராப்பிலீன் என்று உறுதியானால் பழைய நிறத்தை எடுத்துவிட்டு, பிளாஸ்டிக்குக்கான அடிஹீஷன் புரமோட்டரை (நிறம் பிடித்துக்கொள்ள உதவும் அடிப்பூச்சு) மெல்லிய கோட்டாக அடித்து, அதன் லேபிள் சொல்லும் இடைவெளிக்குள் முதல் நிறக் கோட்டைப் போட வேண்டும். புரமோட்டர் அடித்துவிட்டு மறுநாள் நிதானமாக நிறம் அடிப்பவர்களும் உண்டு. பல புரமோட்டர்களுக்கு அவ்வளவு நேரம் கொடுத்தால் அடித்த பலனே போய்விடும்.

குழி குழியாக, வட்டம் வட்டமாக நிறம் விலகுகிறது

அடிக்கும்போதே தெரியும் கோளாறு இது. காரணம் அதே சிலிக்கோன், அல்லது ஸ்ப்ரே கன்னில் அடித்திருந்தால் கம்ப்ரஸர் குழாயில் வரும் எண்ணெய். குழியை நிரப்பலாம் என்று அதிலேயே திரும்ப அடித்தால் குழி பெரிதாகும். நிறுத்துங்கள். ஈரமாக இருக்கும்போதே முழுப் பாகத்தையும் துடைத்து எடுத்துவிட்டு, மேலே சொன்ன சுத்தத்தை முதலிலிருந்து செய்யுங்கள். கார் நிற்கும் அறையில் டயர் பளபளப்பு ஸ்ப்ரே பயன்படுத்தியிருந்தால் அதையும் சந்தேகியுங்கள். காற்றில் மிதந்து வரும் கொஞ்சம் சிலிக்கோனே போதும்.

நாட்கள் ஆகியும் பிசுபிசுக்கிறது

முதலில் ஒரு கேள்வி: அதே நாளில், அதே கேனில் அடித்த கடினமான பிளாஸ்டிக் பாகம் காய்ந்துவிட்டதா?

அதுவும் ஒட்டுகிறது என்றால் காரணம் எளிது. கோட் தடிமனாகிவிட்டது, அல்லது ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையில் நேரம் விடவில்லை. மேல்தோல் காய்ந்து மூடிக்கொள்ள, கரைப்பான் உள்ளே சிக்கிவிட்டது. குளிரிலும் ஈரக்காற்றிலும் இது இன்னும் மோசமாகும். மருந்து பொறுமைதான். காற்றோட்டமான, வெதுவெதுப்பான இடத்தில் வைத்து, மின்விசிறியை ஓடவிடுங்கள். ஹீட் கன் வேண்டாம். மேல்தோல் கொப்பளிக்கும், அடியில் ரெக்சினே சுருங்கும்.

கடினமான பாகம் காய்ந்து, மென்மையான ரெக்சின் மட்டும் ஒட்டுகிறது என்றால் சங்கதி வேறு. பிவிசி இயல்பில் விறைப்பான பொருள். அதை வளையும்படி ஆக்குவது பிளாஸ்டிசைசர் என்னும் எண்ணெய் போன்ற சேர்மானம், அதுவும் தாராளமாகவே சேர்க்கப்பட்டிருக்கும். அது காலம் முழுக்க மெதுவாக வெளியேறிக்கொண்டே இருக்கும். வெயிலில் நின்ற காரின் முன்கண்ணாடி உட்பக்கத்தில் படியும் எண்ணெய்ப் பசைக்கு இதுவும் ஒரு காரணம். ரெக்சினின் மேல் வந்து தங்கிய பிளாஸ்டிசைசரைத் துடைக்காமல் அடித்தால், அது புதுப் படலத்துக்குள் ஏறி அதையும் இளக்கிவிடும்.

வினைலுக்கென்று செய்த டை இதை ஓரளவு தாங்கும்படி செய்யப்பட்டது. சாதாரண எனாமல் பெயின்ட் தாங்காது. "பெயின்ட்தானே, எல்லாம் ஒன்றுதான்" என்று எனாமல் அடித்திருந்தால், காத்திருப்பதில் பொருளே இல்லை. அது காயப்போவதில்லை, கழற்றத்தான் வேண்டும்.

இன்னொரு சாத்தியமும் உண்டு. படலம் முழுவதும் இறுகும் முன்பே லோஷன், பாலிஷ் என்று ஏதாவது தடவியிருக்கலாம். அப்படியென்றால் மிதமான சோப்புத் தண்ணீர்த் துணியால் துடைத்துவிட்டு ஒரு வாரம் தொடாமல் விட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

வெள்ளை பூத்ததுபோல் மங்கலாகிறது

அடித்த சில நிமிடங்களில் பால் ஊற்றியதுபோல் மங்கினால் அது ஈரப்பதம். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்துபோகும். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அது படலத்தின் மேல் படிந்து உள்ளே சிக்கிக்கொள்ளும். மழை நாளில் அடித்தால் கறுப்பு நிறத்தில் இது அப்பட்டமாகத் தெரியும். லேசான மங்கல் வெதுவெதுப்பான உலர்காற்று பட்டதும் தானாக மறையும். மறையாவிட்டால், உலர்ந்த நாள் வரும்வரை காத்திருந்து, பனி படர்வதுபோல மிக மெல்லிய ஒரு கோட். புதிய கரைப்பான் பழைய படலத்தை மறுபடி இளக்கி, சிக்கிய ஈரத்தை வெளியே விடும்.

வாரங்கள் கழித்து வெள்ளை பூத்தால் ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். துடைத்தால் போய், திரும்பத் திரும்ப வந்தால் அடியிலிருந்து ஏதோ மேலே ஏறுகிறது. அலசாமல் விட்ட சோப்பாக இருக்கலாம். பஞ்சு பஞ்சாக, வட்டமாக இருந்தால் பூஞ்சை. அதற்கும் டைக்கும் சம்பந்தமே இல்லை, காருக்குள் எங்கோ தண்ணீர் ஒழுகுகிறது. கதவு ரப்பரைப் பாருங்கள்.

உப்புத்தாள்போல் சொரசொரப்பு

தள்ளி நின்று அடித்திருக்கிறீர்கள், அல்லது சூடான பாகத்தின் மேல் அடித்திருக்கிறீர்கள். நிறத்துளி போய்ச் சேரும் முன்பே காற்றில் காய்ந்து தூளாக விழுகிறது. 20 முதல் 25 செ.மீ. தூரம் வைத்து அடித்தால் பெரும்பாலான கேன்களுக்குச் சரியாக இருக்கும். தூள் மேலோட்டமாக இருந்தால் உலர்ந்த துணியால் தேய்த்து எடுத்துவிட்டு ஒரு கோட் போட்டால் முடிந்தது.

ரெக்சினின் தோல்வரிகள் மறைந்துவிட்டன

வரிகள் நிரம்பும் அளவுக்கு அடித்தால் அது ரெக்சின் மாதிரியே இருக்காது, பிளாஸ்டிக் வாளி மாதிரி இருக்கும். சேர்ப்பது எளிது, குறைப்பது கடினம் என்பதால் இங்கே குறுக்கு வழி கிடையாது. கழற்றித்தான் ஆக வேண்டும். முதல் கோட்டில் பழைய நிறம் தெரியத்தான் செய்யும், தெரியட்டும். மூன்று, நான்கு மெல்லிய கோட்டுகளில் மூடுவதுதான் முறை.

தோல் சுருங்கி நெளிகிறது

அடியில் இருந்த பழைய பெயின்ட்டைப் புதிய கரைப்பான் கடித்துத் தூக்குகிறது. அல்லது பாதி காய்ந்த கோட்டின் மேல் கனமான கோட் விழுந்திருக்கிறது. நன்றாகக் காயவிட்டு, நெளிந்ததைத் தேய்த்துச் சமன்செய்து, மெல்லிய கோட்டுகளாகத் தொடரலாம். ஆனால் பழைய பெயின்ட் அந்த இடத்தில் இருந்தால் மற்ற இடங்களிலும் இருக்கும்.

மடிப்புகளில் விரிசல்

விரிசலை விரித்துப் பாருங்கள். உள்ளே பழைய நிற ரெக்சின் முழுசாகத் தெரிந்தால், பிளந்தது உங்கள் படலம் மட்டும்தான்: தடிமன் அதிகம், அல்லது வளையாத பெயின்ட். உள்ளே துணியோ ஃபோமோ தெரிந்தால் பிளந்தது ரெக்சினே. பிளாஸ்டிசைசர் போய் விறைத்த ரெக்சினை எந்த டையும் இளமையாக்காது. டாஷ்போர்டின் மேல் தோலில் வரும் நீள விரிசல்களும் அப்படித்தான். டை விரிசலை நிரப்பாது, புதிய நிறத்தில் அது இன்னும் பளிச்சென்று தெரியும். வளையும் தன்மையுள்ள ஃபில்லர் வைத்துச் சமன்செய்த பிறகுதான் நிறம். சீட் உட்காருமிடத்தில் ரெக்சினே பிளந்திருந்தால் டை விஷயத்தை விட்டுவிட்டு மேலுறை மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள்.

தையல் ஓரங்களில் மட்டும் பழைய நிறம் எட்டிப்பார்த்தால் அது விரிசல் இல்லை. சீட்டை விரிக்காமல் அடித்திருக்கிறீர்கள். மடிப்பை விரலால் விரித்துப் பிடித்து உள்ளே முதலில், அப்புறம் மேலே. தையல் நூலும் நிறம் மாறிவிடும் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஒரே கேன்தான், பாகத்துக்குப் பாகம் நிறம் வேறாகத் தெரிகிறது

நிறத்தைக் குறை சொல்லும் முன் பளபளப்பைப் பாருங்கள். ஒரே நிறமி வழவழப்பான தட்டில் அடர்த்தியாகவும் வரியுள்ள ரெக்சினில் வெளிறியும் தெரியும். அடுத்து வெளிச்சம்: பல்பு வெளிச்சத்தில் பொருந்திய இரண்டு நிறங்கள் பகல் வெளிச்சத்தில் விலகுவது சகஜம். பொருத்தம் பார்ப்பதென்றால் வெளியே, நிழலில், காரில் பொருத்தும் அதே கோணத்தில் பாகத்தைப் பிடித்துப் பாருங்கள். மேசையில் படுக்க வைத்துப் பார்த்த கதவுப் பேனல், நிமிர்த்தி மாட்டியதும் வேறு நிறமாகத் தெரியும்.

பிறகு அடிநிறம். வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போவது சுலபம். கறுப்பிலிருந்து கிரீமுக்குப் போவது தலைவலி. ஒரு பாகத்தில் மூன்று கோட், இன்னொன்றில் ஐந்து கோட் என்று ஆனால் அடிநிறம் தெரியும் அளவு மாறும். அடிநிறத்தை முதலில் சீராக மூடுங்கள், எல்லாப் பாகத்துக்கும் ஒரே எண்ணிக்கையில் கோட் போடுங்கள். பழைய சிவப்பு ரெக்சினின் மேல் வெள்ளையோ கிரீமோ அடித்து, சில நாளில் இளஞ்சிவப்பு சாயல் வந்தால், அடியில் உள்ள சிவப்பு ஊடுருவி மேலே வருகிறது. மேலே மேலே வெள்ளை அடிப்பதால் அது நிற்காது. இடையில் தடுப்புக் கோட் வேண்டும், இல்லையென்றால் அடர் நிறத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் நிம்மதி. கறுப்பின் மேல் அடித்த கிரீம் சீட், ஏறி இறங்கும் ஓரத்தில் தேயத் தொடங்கியதும் கறுப்புக் கோடு தெரிந்துகொண்டே இருக்கும்.

பழைய கார்களில் இன்னொரு சிக்கல், டாஷ்போர்டின் ஒரு பகுதியும் கதவின் மேல்விளிம்பும் இரும்பாக இருப்பது. வினைல் டை இரும்புக்கானது இல்லை. அங்கே பிரைமர், அதன் மேல் நிறம் பொருத்திக் கலந்த பெயின்ட். பளபளப்பும் ரெக்சினுக்கு ஈடாக இருந்தால்தான் கண் ஏமாறும்.

உடுப்பில் நிறம் ஒட்டுகிறது

சோப்புத் தண்ணீர்த் துணியால் இரண்டு, மூன்று முறை துடையுங்கள். ஒவ்வொரு முறையும் துணியில் நிறம் குறைந்துகொண்டே வந்தால் அது மேலே தங்கிய தூள், நின்றுவிடும். குறையவே இல்லை என்றால் படலம் இறுகவில்லை. பிசுபிசுப்புக்குச் சொன்னதைப் பாருங்கள். நன்றாக இறுகிய சீட்டுக்கு, அதே வகை டையோடு ஒத்துப்போகும் நிறமற்ற மேட் (பளபளப்பில்லாத) மேற்கோட் ஒன்று போட்டால் தேய்மானம் குறையும்.

துணி சீட்டுக்கு அடித்திருந்தால் துணி விறைத்து உராயும், நிறமும் உதிரும். சீட் பெல்ட்டுக்கு மட்டும் ஒருபோதும் அடிக்காதீர்கள். உயிரைத் தாங்கும் நாரின் மேல் கரைப்பானைத் தெளித்துப் பரிசோதிக்க வேண்டியதில்லை.

பொட்டுப் பொட்டாகத் தெறிக்கிறது

கேன் குளிர்ந்திருக்கிறது, அல்லது போதுமான அளவு குலுக்கவில்லை, அல்லது நாசில் அடைத்திருக்கிறது. கேனை வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது நேரம் வையுங்கள். கொதிநீரும் அடுப்பும் கூடவே கூடாது, கேன் வெடிக்கும். உள்ளே குண்டு உருளும் சத்தம் கேட்கத் தொடங்கிய பிறகும் ஓரிரு நிமிடம் குலுக்குங்கள்.

டாஷ்போர்டு முன்கண்ணாடியில் தெரிகிறது

இது ஒட்டுதல் கோளாறு இல்லை, நிறத் தேர்வின் கோளாறு. வெளிர் நிற டாஷ்போர்டு, அதிலும் பளபளப்பானது, வெயிலில் கண்ணாடியில் நிழலாடி ஓட்டுபவரின் பார்வையை மறைக்கும். மேல்பகுதியை மட்டும் அடர்ந்த மேட் நிறத்துக்கு மாற்றுங்கள். உட்புறம் முழுக்க கிரீம் என்றாலும் டாஷ்போர்டின் தலை அடர்த்தியாக இருப்பது அழகாகவே இருக்கும்.

முழுவதும் கழற்ற வேண்டிய நிலை என்றால்

உரிந்துகொண்டிருக்கும் படலம் என்றால் டேப்பே பாதியை எடுத்துவிடும். மிச்சத்துக்குப் பிளாஸ்டிக் சுரண்டி. பிடிவாதமான இடங்களில் மட்டும் தின்னர். துணியில் தொட்டு, ஒரு கையகல இடம், சில நொடி, உடனே உலர் துணி. படலத்தைக் கரைக்கும் அதே தின்னர்தான் ரெக்சினையும் இளக்கும். ஊறவிட்டால் தோல்வரிகள் மழுங்கிப் போகும், அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஏபிஎஸ் பாகத்திலும், மீட்டர் கண்ணாடிபோலத் தெளிவான பிளாஸ்டிக்கிலும் தின்னர் பட்டால் நுண்விரிசல் விழும். மீட்டரைக் கழற்றி வைத்துவிடுவது நல்லது.

பாகங்களைக் காரிலிருந்து கழற்றி வெளியே வைத்துத்தான் இதைச் செய்ய வேண்டும். தூசிக்கான முகமூடி கரைப்பான் ஆவியைத் தடுக்காது. கார்பன் கேட்ரிட்ஜ் உள்ள மாஸ்க் வேண்டும், நைட்ரைல் கையுறையும் வேண்டும். அருகில் தீயோ தீப்பொறியோ கூடாது. கழற்ற முடியாத பாகமென்றால் கதவுகளைத் திறந்து வைத்து, பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

திரும்ப அடிக்கும்போது மறைப்புக்குச் செய்தித்தாள் வைக்காதீர்கள், கரைப்பான் பட்டதும் அச்சு மை ரெக்சினுக்கு இறங்கிவிடும். அச்சில்லாத காகிதம் போதும். மாஸ்கிங் டேப்பைக் கடைசிக் கோட் முழுவதும் இறுகும் முன்பே, பின்னோக்கி மடித்து மெதுவாக எடுங்கள். இறுகியபின் இழுத்தால் விளிம்பு கிழிந்து வரும்.